விலை குறைந்த பிளாஷும் வெள்ளைச் சுவரும்

பொழுது சாய்ந்து திண்ணையில் வெளிச்சம் மங்கத் தொடங்கும் வேளையில், மடியில் மல்லிகை மொட்டுகளைக் கொட்டிக்கொண்டு பாட்டி ஒருத்தி வாழைநாரில் பூத்தொடுக்கும் காட்சியைக் கண்டு, அதை எப்படியாவது படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் எழாத புகைப்பட ரசிகன் இருக்க மாட்டான். அவன் காமிராவை எடுக்கிறான். வெளிச்சம் போதாது என்று கண்டுகொண்ட காமிரா, தன் நெற்றியில் மடங்கிக் கிடக்கும் சிறு பிளாஷைத் தானாகவே நிமிர்த்திப் பளிச்சென்று வீசுகிறது. வந்த படத்தில் பாட்டியின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருக்கிறது. கன்னத்துச் சுருக்கங்கள் அழிந்துபோய்விட்டன. மொட்டுகளுக்கும் விரல்களுக்கும் இடையே இருந்த இடைவெளி தெரியாமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரிலோ மையால் வரைந்தாற்போல ஒரு கரிய நிழல். படம் கெட்டதற்குக் காமிராவின் தரமே காரணம் என்று நினைத்துக்கொண்டு, அந்த ரசிகன் அடுத்த மாதமே அதிக விலையில் வேறொரு காமிராவையோ லென்ஸையோ தவணையில் வாங்குகிறான். மறுபடியும் அதே சுண்ணாம்பு முகந்தான் வருகிறது.

இத்தகைய மனிதர் ஒருவரோ இருவரோ அல்லர். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் பழக்கம் நம்மிடையே மிகவும் பரவியிருக்கிற இந்தக் காலத்தில், கைப்பொருளை எதில் செலவிடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதைப் பற்றி நிதானமாக யோசித்துச் சொல்வார் குறைவாகவும், இதை வாங்கு அதை வாங்கு என்று தூண்டுவார் அதிகமாகவும் இருப்பதனால், இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே எழுத நினைக்கிறேன். அதன் சாரம் இதுதான்: ஒரு புகைப்பட ரசிகன் காமிராவுக்கு அடுத்தபடியாக வாங்கவேண்டியது, தலை மேலும் கீழும் சாயக்கூடியதும், கழுத்து இடமும் வலமும் திரும்பக்கூடியதும், சக்தியைக் கையால் கூட்டிக் குறைக்கக்கூடியதுமான ஒரு சாதாரண பிளாஷ், இந்த மூன்று குணங்களும் இருந்துவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம்.

கழுத்து திரும்புவதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். வெளிச்சத்தின் மென்மை என்பது, அது புறப்படும் இடத்தின் விஸ்தீரணத்தைப் பொறுத்தது. உச்சிவெயிலில் சூரியன் நம் கண்ணுக்கு ஒரு சிறு வட்டமாகத் தெரிவதனால் நிழல்கள் கத்திபோல் கூர்மையாக விழுகின்றன. அதே சூரியனை மேகம் மறைத்துவிட்டால், வானம் முழுவதுமே விளக்காகிவிடுவதனால், நிழல்கள் கரைந்து முகங்கள் குளிர்கின்றன. பிளாஷின் முகம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அதை நேராக ஒருவர் முகத்தில் அடிப்பது உச்சிவெயிலில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஆனால் அதன் தலையைத் திருப்பி, பக்கத்திலுள்ள வெள்ளைச் சுவரின்மேல் அடித்தோமானால், அந்தச் சுவரில் வெளிச்சம் பட்ட இடம் அத்தனையும் ஒரு பெரிய ஜன்னலைப்போல ஆகி, அங்கிருந்து மென்மையான ஒளி புறப்படுகிறது. சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சை பூத்துவிடும்.

அந்தத் திண்ணைப் பாட்டியிடமே மறுபடி போவோம். அவளுக்கு இடப்பக்கம் ஒரு கஜ தூரத்தில் சுண்ணாம்படித்த சுவர் இருக்கிறது. பிளாஷின் கழுத்தை அந்தச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, தலையைச் சிறிது மேலே சாய்த்து, அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்துப் பாருங்கள். இடக்கன்னம் வெளிச்சத்தில் நிற்க, மூக்கின் மறுபுறத்தில் மெல்லிய நிழல் இறங்கி, நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து வரும்; மொட்டைப் பிடித்திருக்கும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே நார் வளைந்து முடிச்சாவது தெரியும்; ஒவ்வொரு மொட்டும் தன் காம்பின்மேல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். காமிரா மாறவில்லை, லென்ஸ் மாறவில்லை, பாட்டியும் மாறவில்லை. வெளிச்சம் வந்த திசை ஒன்றே மாறியது. இதை ஒருமுறை தன் கண்ணால் பார்த்தவனுக்கு அப்புறம் பிளாஷை நேர்முகமாக வீச மனம் ஒப்பாது.

இந்தச் சௌகரியம் நமக்குக் கிடைத்ததன் பின்னால் நீண்ட சரித்திரம் உண்டு. 1887 ஆம் ஆண்டு ஜெர்மனியில் மீத்தே, கெடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியைக் கொண்டு பளிச்சிடும் வெடிக்கலவையை உருவாக்கினார்கள். புகையும் நெருப்பு அபாயமும் நிறைந்த அந்தப் பொடியைக் கொண்டுதான் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் இருட்டறைகளைப் படமெடுத்து, 1890 இல் நூலாக வெளியிட்டு, அந்நகரத்தாரின் மனச்சாட்சியை உலுக்கினார். பிறகு 1930 ஐ ஒட்டிய காலத்தில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பல்புகள் வந்தன; ஒரு பல்பு ஒரு படத்தோடு தீர்ந்துபோகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் ஹாரல்டு எட்ஜர்டன் என்ற பேராசிரியர் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணு முறையே, ஒரே குழாயை ஆயிரக்கணக்கான தடவை மின்ன வைக்கும் இன்றைய பிளாஷுக்கு அஸ்திவாரம். முன்னோர் ஒவ்வொரு பளிச்சுக்கும் ஒரு பல்பைப் பலிகொடுத்த இடத்தில், நமக்கு நான்கு பேட்டரிகளின் செலவில் நூற்றுக்கும் மேற்பட்ட பளிச்சுகள் கிடைக்கின்றன. இவ்வளவு மலிவாகிவிட்ட ஒரு சாதனத்தை உபயோகிக்கத் தெரியாமல் விட்டுவிடுவது பெரிய நஷ்டமல்லவா?

இனி, வாங்கப் போகிறவர் முதலில் மயங்குகிற விஷயமாகிய சக்தியைப் பார்ப்போம். பிளாஷின் சக்தியைக் கைடு நம்பர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். காமிராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ என்ற எண் 100 ஆக இருக்கையில், பிளாஷுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸ் துவாரத்தின் எண்ணோடு பெருக்கினால் வருவது அது. கைடு நம்பர் 36 என்றால் எஃப் 4 இல் 9 மீட்டர் தூரம் எட்டும் என்று பொருள். பெட்டியின்மேல் 58 என்றும் 60 என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பிரமிக்க வேண்டியதில்லை. பிளாஷின் தலைக்குள்ளே ஒளியைக் குறுக்கிக் குவிக்கும் ஜூம் அமைப்பை முழுவதும் நீட்டி வைத்து அளந்த எண் அது. கேனன் 580இஎக்ஸ் என்ற புகழ்பெற்ற பிளாஷுக்கே 105 மில்லிமீட்டர் ஜூமில் 58 ஆக இருக்கும் எண், 35 மில்லிமீட்டர் அகலத்தில் 36 ஆகிவிடுகிறது. ஆகவே இரண்டு பிளாஷ்களை ஒப்பிடுகிறவர்கள், ஒரே ஜூம் அளவில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்த 36 நம் வீட்டுக் கூடத்துக்குப் போதுமா என்று ஒரு கணக்குப் போடுவோம். ஐஎஸ்ஓவை 400 ஆக வைத்தால் கைடு நம்பர் இரட்டித்து 72 ஆகிறது. சுவரிலோ விட்டத்திலோ பட்டுத் திரும்பும்போது, சிதறலினாலும் சுவர் உறிஞ்சிக்கொள்வதனாலும், வெளிச்சம் சுமார் கால்பங்காகக் குறையும் என்று கொண்டால், எண் பாதியாகி மறுபடி 36க்கு வரும். பிளாஷிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து முகத்துக்குமாக மொத்தப் பாதை 5 மீட்டர் என்றால், 36ஐ 5 ஆல் வகுக்க ஏழு சொச்சம் வருகிறது. அதாவது எஃப் 5.6 இல் வைத்துத் தாராளமாகப் படமெடுக்கலாம். வெள்ளையடித்த வீட்டு அறைகளில் படமெடுக்கப் போகிறவனுக்கு, இதற்குமேல் சக்திக்காகப் பணத்தைக் கொட்டவேண்டிய அவசியம் இல்லை. கல்யாண மண்டபத்தின் உயரமான கூரையும் கோயில் மண்டபத்தின் கருங்கல் விட்டமும் வேறு விஷயம். அங்கே எவ்வளவு சக்தியுள்ள பிளாஷாயினும் விட்டத்தில் அடித்துப் பிரயோஜனமில்லை.

அடுத்தது டிடிஎல் என்னும் தானியங்கி முறை. படமெடுப்பதற்கு முந்திய க்ஷணத்தில் ஒரு சிறு பளிச்சை வீசி, அது திரும்பி வரும் அளவை லென்ஸ் வழியாகவே அளந்து, வேண்டிய சக்தியைக் காமிராவே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. ஓடி விளையாடும் குழந்தையையும், கணத்துக்குக் கணம் இடம் மாறும் விருந்தாளிகளையும் எடுக்கும்போது அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டுமே அறியும். எந்தப் பொருளின்மேல் பட்டுத் திரும்பிற்று என்பதை உள்ளபடி அறியாது. நம் பாட்டி வெள்ளைப் புடவையில் படம் நிறைய உட்கார்ந்திருந்தால், இவ்வளவு வெளிச்சம் வேண்டாம் என்று அது சக்தியைக் குறைத்துப் புடவையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். பக்கத்தில் கறுப்புக் கோட்டணிந்த பேரன் உட்கார்ந்தால் சக்தியை ஏற்றி அவன் முகத்தை வெளுத்துவிடும். கையால் சக்தியை வைக்கும் முறையில், பிளாஷும் சுவரும் பாட்டியும் இடம் மாறாதவரை, எட்டில் ஒரு பங்கு என்று ஒருமுறை வைத்தது வைத்ததுதான். புடவை வெள்ளையாகவும் கோட்டு கறுப்பாகவும் இருந்தபடியே படத்தில் வரும். இரண்டு மூன்று சோதனைப் படங்கள் எடுத்து, பின்திரையில் பார்த்து, சக்தியைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வதற்கு அரைநிமிஷம் பிடிக்கும். அந்த அரைநிமிஷந்தான் ரசிகனுக்கு வெளிச்சத்தைக் கற்பிக்கும் ஆசிரியர். கோடாக்ஸ் டிடி600, யாங்நுவோ ஒய்என்560 வரிசை போன்ற கைமுறைப் பிளாஷ்கள், பெரிய காமிராக் கம்பெனிகளின் முதல்தரப் பிளாஷ்களுடைய விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

கைமுறைக்குப் பழகியவனுக்குக் கிடைக்கும் இன்னொரு ரகசியம், ஒரே படத்துக்குள் இரண்டு வெளிச்சங்களைத் தனித்தனியே ஆளலாம் என்பது. பூஜை அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஷட்டரை 200 இல் ஒரு பங்கு விநாடிக்கு வைத்துப் பிளாஷ் அடித்தால், அத்தனை சிறு நேரத்தில் சுடரின் ஒளி பதிவதற்கு இடமின்றி, விளக்கு அணைந்ததுபோலவே தெரியும். ஷட்டரை 30 இல் ஒரு பங்குக்கு மெதுவாக்கி, காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்துச் சுவரில் அடித்தால், சுடரும் அதன் பொன்னிறமும் நிலைத்திருக்க, விளக்கடியில் அமர்ந்திருக்கும் முகமும் தெளிவாக வரும். பிளாஷின் பளிச்சு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடுவதனால் ஷட்டர் வேகம் அதைப் பாதிப்பதில்லை. சுடரின் வெளிச்சமோ ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிளாஷின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை. சுடரின் நிறம் செம்மஞ்சள். இரண்டையும் இசைவிக்கப் பிளாஷின் முகத்தில் இளஞ்செம்மஞ்சள் ஜெலட்டின் தாள் ஒன்றை ஒட்டினால் போதும். அதற்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம்.

எட்ஜர்டன் பேராசிரியர் 1957 இல் எடுத்த ஒரு படம் உலகப் பிரசித்தமானது: தட்டில் விழுந்த பால்துளி, வட்டமாகச் சிதறி, ஓரங்களில் முத்துக் கோத்த கிரீடம்போல நிற்கும் க்ஷணம். அந்த வித்தையை இன்று ஒரு பள்ளிச் சிறுவன் தன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கலாம். பிளாஷின் சக்தியை 128 இல் ஒரு பங்காகக் குறைத்தால், பளிச்சின் நீளமும் சுருங்கி, சுமார் 20,000 இல் ஒரு பங்கு விநாடியாகிவிடுகிறது. அறையை இருட்டாக்கி, பிளாஷைத் தட்டுக்கு மிக அருகில் வைத்து, உயரத்திலிருந்து கரண்டியால் பாலைச் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டே போனால், நூறு படத்தில் நான்கைந்தாவது அந்தக் கிரீடத்தைக் காட்டும். சக்தி குறையக் குறையக் கூர்மை ஏறுகிறது என்ற இந்தச் சூக்ஷ்மத்தை அறிந்தவன், பெரிய பிளாஷ் இல்லையே என்று ஒருபோதும் ஏங்கமாட்டான்.

குணங்களைச் சொன்னேன், இனி அபாயங்களையும் சொல்லவேண்டும். பிளாஷைக் காமிராவில் பொருத்தும் ஹாட் ஷூவின் நடுவே ஒரு புள்ளி உண்டு. எல்லாக் கம்பெனிப் பிளாஷ்களையும் மின்ன வைக்கும் பொதுவான தொடுமுனை அதுதான். நம் நாட்டில் புதிதாகப் பழகுவோர் பலர் வாங்கும் கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய மாடல்களில் அந்த நடுப்புள்ளியையே எடுத்துவிட்டார்கள். நடுப்புள்ளி ஒன்றையே நம்பியிருக்கும் சாதாரணப் பிளாஷை அவற்றின் தலையில் வைத்தால் மின்னாது. அவற்றை வைத்திருப்பவர்கள் கேனனுக்கென்றே செய்யப்பட்ட பிளாஷை வாங்க வேண்டும். அல்லது காமிராவின் சொந்தச் சிறு பிளாஷின் பளிச்சைக் கண்டு தானும் மின்னும் ஸ்லேவ் முறையுள்ள பிளாஷை, முன்பளிச்சைக் கணக்கில் எடுக்காத எஸ்2 என்ற நிலையில் வைத்து, தனியே தள்ளி நிறுத்தி உபயோகிக்கலாம். எந்தக் காமிராவானாலும் சரி, கடைக்கு அதைக் கையோடு கொண்டுபோய், பொருத்தி, பத்துத் தடவை மின்னவைத்துப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

பழைய சாமான் வாங்குவோர்க்கு மற்றொரு எச்சரிக்கை. பிலிம் காலத்துப் பிளாஷ்கள் சிலவற்றில், காமிராவைத் தொடும் முனையிலேயே இருநூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் நிற்கும். அந்நாளைய காமிராவின் உலோகத் தொடுமுனைகள் அதைத் தாங்கின, இன்றைய மின்னணுச் சுற்றுகள் பல தாங்குவதில்லை. என் நண்பர் ஒருவர், தம் தகப்பனார் பெட்டியில் கிடந்த பிளாஷை ஆசையோடு புதிய காமிராவில் பொருத்தி, முதல் பளிச்சோடு காமிராவின் பிளாஷ் இணைப்பை இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரால் நடுமுனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள வோல்ட்டை ஒருமுறை அளந்திருந்தால் அந்த நஷ்டம் நேர்ந்திராது. அதேபோல, எந்தப் பிளாஷையும் பழுதுபார்க்கும் ஆவலால் வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் முந்நூறு வோல்ட்டை வைத்துக்கொண்டிருக்கக் கூடியது.

பிளாஷில் மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போடலாம் என்றால், முதலில் தரமான நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரிகள் எட்டு. நான்கு பிளாஷில், நான்கு கையிருப்பில். சாதாரணப் பேட்டரியைப் பிளாஷுக்குள்ளேயே விட்டு அலமாரியில் வைத்தால், அது கசிந்து தகடுகளை அரித்துவிடும். இரண்டாவதாக, பிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்துத் தொலைவில் வைத்து மின்னச் செய்யும் ரேடியோ ட்ரிகர் ஒன்று. மூன்றாவதாக, ஒரு ஸ்டாண்டும் ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடையும். சுவர் இல்லாத இடத்தில் குடையே சுவராகும். ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் பையைக் கட்டிவிட்டால் காற்றுக்குச் சாயாது. நிழல் விழும் பக்கத்தில் நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதற்கு ஒரு தெர்மோகோல் அட்டை போதும். இவ்வளவும் சேர்ந்தும், ஒரு முதல்தர டிடிஎல் பிளாஷின் விலையை எட்டாது என்பது என் அனுபவம்.

இதற்கெல்லாம் அவசியமென்ன, இன்றைய காமிராக்களும் கைப்பேசிகளும் இருட்டிலேயே படமெடுக்கின்றனவே என்பார் உண்டு. அவை இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்கிக் கொடுக்கும் என்பது மெய். அது வரும் திசையை மாற்ற அவற்றால் ஆகாது. தலைக்குமேல் எரியும் டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்தவர் கண்குழிகளில் விழும் நிழலை, ஐஎஸ்ஓவை எத்தனை ஆயிரத்துக்கு ஏற்றினாலும் அகற்ற முடியாது. எல்ஈடி பலகைகள் வீடியோவுக்கு உகந்தவை. கண்ணால் பார்த்தே பழகலாம் என்ற சௌகரியமும் அவற்றுக்கு உண்டு. ஆயினும் பால்துளியை நிறுத்தும் வேகமும் பகல் வெயிலோடு போட்டியிடும் வலிமையும் அதே விலையில் அவற்றில் கிடைப்பதில்லை. கல்யாணங்களில் படமெடுத்துப் பிழைப்பவர்களின் நிலைமை வேறு; மாங்கல்யதாரணம் இரண்டாம் முறை நடவாது, ஆகவே தானியங்கி வசதிக்கும் வேகமாகச் சக்தி ஏறும் லித்தியம் பேட்டரிக்கும் அவர்கள் கொடுக்கும் விலை நியாயமானதே. அந்த அவசரமும் பொறுப்பும் இல்லாத ரசிகன், அவர்கள் உபகரணத்தைப் பார்த்து வாங்கத்தான் வேண்டுமா?

இன்னொரு வேண்டுகோளையும் இங்கே வைக்க விரும்புகிறேன். சென்னையில் புகைப்படச் சங்கம் 1857 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கூடிக் கற்பது என்பது இந்தக் கலையில் நமக்குப் புதிதன்று. கல்லூரிகளிலும் ஊர்களிலும் உள்ள புகைப்படக் குழுக்கள் ஒவ்வொன்றும் இரண்டு கைமுறைப் பிளாஷ், ஒரு ட்ரிகர், இரண்டு ஸ்டாண்டு, ஒரு குடை ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்து, நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல, உறுப்பினர்களுக்கு வாரக்கணக்கில் இரவல் கொடுத்தால், கையில் காசில்லாத மாணவனும் வெளிச்சத்தைக் கற்றுக்கொள்வான். காசுள்ளவனும் தனக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்த பிறகே கடைக்குப் போவான். இருபது பேர் பங்கு போட்டுக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு யாருக்கும் பாரமாக இராது.

தனியே வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தை உண்டு. கடைக்காரர் பிளாஷை எடுத்து மேஜைமேல் வைத்ததும், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பாக, அதன் தலையை நிமிர்த்துங்கள். கழுத்தை இடப்பக்கம் திருப்புங்கள், வலப்பக்கம் திருப்புங்கள். அது திரும்பாவிட்டால், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.